மயில் ஒட்டிய மஞ்சள் வேன்

நவம்பர் 4, செவ்வாய்

ஐம்பதாயிரம் பேரைத் தொடப்போகும் ஒரு முகநூல் குழுவை மூன்று நெறியாளர்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வெளியே பெருமையடிக்கிறோம். அதில் இரண்டு பேர் வேலையே செய்வதில்லை. 'நம்ம வடகோவை' குழுவைத் தொடங்கிய ஜெயப்பிரகாஷ், தன் மாடுலர் கிச்சன் கடை விளம்பரத்தை மட்டும் மறக்காமல் போடுவார். ஹேமலதா மேடம் டியூஷன் எடுத்தது போக மிச்ச நேரத்தில் கருத்துகளைக் கவனிக்க வேண்டும். கவனிப்பதாக அவரே சொல்லிக்கொள்கிறார். ஏதாவது கேட்டால், "நாமெல்லாம் தன்னார்வலர்கள் சார், சம்பளமா வாங்கறோம்?" என்பார். இதைக் கேட்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். சம்பளம் கிடையாது என்பதற்காகக் கை கழுவாமல் சமைத்துப் போடலாமா?

நான் பம்பு கம்பெனியில் தரம் பார்க்கிறவன். சரி என்று நான் தேற்றிவிடும் ஒவ்வொரு பம்பு உறையிலும் என் முத்திரை இருக்கும். ராஜஸ்தானில் ஒரு பம்பு ஒழுகினால்கூடப் பார்த்தது திருமூர்த்தி என்று கண்டுபிடித்துவிடலாம். இந்தக் குழுவில் எந்த முடிவானாலும் கீழே 'நிர்வாகக் குழு' என்று போடுவதோடு சரி. யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. அசிங்கம்.

மாலையில் புகார்ப் பெட்டிக்கு ஒரு பெண்மணி படம் அனுப்பியிருந்தார். நடுப்பகலில் ஒரு மஞ்சள் ஆம்னி வேன், ஸ்கூட்டரில் போன வயதான அம்மாவை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. ஓட்டியவர் குடித்திருந்தது போலத் தெரிந்ததாம். பள்ளிக் குழந்தைகளை ஏற்றும் வண்டி. அப்போது காலியாக இருந்திருக்கிறது. தன் பெயர் எங்கும் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். பின்பக்கமிருந்து எடுத்த படம், நன்றாக விழுந்திருக்கிறது. கண்ணாடியில் தோகை விரித்த மயில் ஸ்டிக்கர்.

விதி 7-இன்படி வண்டி எண்ணை மறைத்தேன். போன வருடம் ஒருவருடைய கார் எண்ணை அப்படியே போட்டு, அவர் வக்கீல் நோட்டீஸோடு வந்து நின்றபிறகு நான் எழுதிய விதி அது. மற்ற இருவரும் மறைத்தால் பூசணிக்காயை அப்பியது போல் இருக்கும். நான் ஓரம் பிசகாமல் மறைப்பேன். வெளியிட்டாயிற்று.

நவம்பர் 5, புதன்

வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வரவில்லை. வேன் பதிவு காட்டுத்தீ மாதிரி ஓடுகிறது. ஜெயப்பிரகாஷுக்கு வாயெல்லாம் பல்.

நவம்பர் 6, வியாழன்

வேலை முடிந்து வந்து கருத்துகளைப் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

யாரோ ஒருவர், "மயில் போட்ட மஞ்சள் வேனா? இது நம்ம தண்டபாணி வண்டியாச்சே" என்று எழுத, அதன்கீழ் மற்றவர்கள் குதித்துவிட்டார்கள். ஒருவர் அவருடைய வீடு எந்தச் சந்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஒருவர் அவருடைய போன் எண்ணையே போட்டிருக்கிறார். இன்னொருவருக்கு அவர் எப்போதும் குடிகாரர் என்று இன்றைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் கருத்தை நீக்க வேண்டும் என்பது விதி 4. ஹேமலதாவோ, முதலில் பெயர் சொன்ன கருத்தை எல்லாருக்கும் மேலே தெரியும்படி வைத்திருக்கிறார்.

போன் செய்தேன்.

"உண்மையைத்தானே சார் சொல்றாங்க?"

"உண்மைன்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"இத்தனை பேர் சொல்றாங்களே சார். எனக்கு பிளஸ் டூ பசங்க காத்துட்டிருக்காங்க, அப்பறம் பேசலாமா?"

இந்த ஆட்களோடு சேர்ந்து வேலை செய்கிறேன் என்பதை நினைத்தால் சாக்கடையில் கால் வைத்ததுபோல் இருக்கிறது. அந்தக் கருத்துகளை நானே நீக்கியிருக்கலாம். ஆனால் கருத்துகள் அவருடைய பொறுப்பு. ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடுவது ஒழுங்கல்ல.

நவம்பர் 8, சனி

தண்டபாணி என்பவர் குழுவின் பெட்டிக்கு எழுதியிருக்கிறார். பேசிப் பதிவு செய்ததை எழுத்தாக மாற்றி அனுப்பியிருக்கிறார்போல, நிறுத்தமே இல்லாமல் ஓடுகிறது. சாராம்சம் இதுதான்: அன்று நடுப்பகலில் அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்; வேன் வாசலில் நின்றது; அவர் குடிப்பதில்லை, மாலை போட்டிருக்கிறார்; மருதமலை அடிவாரத்து ஸ்டிக்கர் கடையில் இதே மயிலைப் பல வண்டிக்கு ஒட்டித் தருகிறார்கள். கூடவே தன் வேனைப் பின்னாலிருந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். எண் பளிச்சென்று தெரிகிறது. பாவம், விதி 7 அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

என் போனில் அந்தப் பெண்மணி அனுப்பிய மூலப்படம் இன்னும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கோகிலா சாப்பிடக் கூப்பிட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. கொஞ்சம் உப்பு தூக்கல்.

நவம்பர் 9, ஞாயிறு

வயிறு சரியில்லை. இரண்டு வேளையும் ரசம் சோறு.

நவம்பர் 10, திங்கள்

நான் தேற்றிவிட்ட உறை ஒன்று விரிசலோடு திரும்பி வந்துவிட்டது. மேனேஜர் மேசையில் வைத்து, "யார் பார்த்ததுங்க?" என்றார். முத்திரையைக் காட்டி, "நான்தானுங்க, கவனிக்காம விட்டுப்போட்டேன்" என்றேன். சரி, அந்த லாட் முழுவதையும் மறுபடி பாருங்கள் என்றார். மதியத்துக்குள் பார்த்து முடித்தேன். இப்படித்தான் வேலை நடக்க வேண்டும். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

இந்தத் தெம்போடு, நெறியாளர்கள் மூன்று பேர் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப்பில் வேன் விஷயத்தை எடுத்தேன். எண்ணை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாமே என்று நாசூக்காகத்தான் போட்டேன். ஜெயப்பிரகாஷ் உடனே குரல் பதிவு அனுப்பினார்.

"திருமூர்த்தி, பதினாறாம் தேதி ஐம்பதாயிரம் உறுப்பினர் விழாவ வச்சுக்கிட்டு இப்பப் போயி இதைக் கெளறோணுமா? நாம யாரு பேரையும் போடலை. நம்பரையும் மறைச்சுப்போட்டோம். சட்டப்படி நாம சுத்தம். திருத்தம்னு ஒண்ணு போட்டா, அப்பறம் நாம எதைப் போட்டாலும் பொய்யின்னுவாங்க. விழா முடியட்டும், பார்த்துக்கலாம்."

ஹேமலதா ஒரு கட்டைவிரல் படம் போட்டார். அவருடைய பங்களிப்பு அவ்வளவுதான்.

நாம சுத்தமாம். கேட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டேன். இருந்தாலும் விழா முடியட்டும் என்பதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. நல்ல காரியத்துக்கு முன்னால் குழப்பம் எதற்கு?

நவம்பர் 12, புதன்

கோகிலா கடைக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: "அந்த மயில் வேன்காரர்கிட்ட இப்ப மூணே பிள்ளைங்கதான் போகுதுங்களாம். எல்லாரும் நிறுத்திப்போட்டாங்க. அவரு சம்சாரம் பூங்கொடி மளிகைக் கடையில நின்னு அழுகுது. எல்லாரும் பார்த்துட்டு நிக்கறாங்க, ஒருத்தரும் பக்கத்துல போகலீங்க."

"கருத்துப் பகுதியை ஒழுங்கா பார்த்திருந்தா இப்படி ஆகியிருக்காது. அந்த ஹேமலதாவச் சொல்லோணும்."

"நீங்களும் அதுல ஒருத்தர்தானுங்களே?"

அவளுக்கு நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று புரியாது. வேலைப் பிரிவினையை விளக்கினேன். பாதியில் எழுந்து துணி காயப்போடப் போய்விட்டாள்.

நவம்பர் 14, வெள்ளி

கம்பெனிப் பேருந்தில் வரும்போது அந்த வேனைப் பார்த்தேன். பின் கண்ணாடியில் மயிலைச் சுரண்டி எடுக்கப் பார்த்திருக்கிறார். தோகை பாதி போய்விட்டது, தலை அப்படியே இருக்கிறது. அதற்குமேல் 'வண்டி விற்பனைக்கு' என்று ஒரு தாள்.

எண்ணையும் பார்த்தேன். ஏற்கெனவே பார்த்ததுதான்.

நவம்பர் 16, ஞாயிறு

விழா. கல்யாண மண்டபத்தில் மினி ஹால். மேடைக்குப் பின்னால் ஜெயப்பிரகாஷ் தன் கடை பேனரைக் குழு பேனரைவிடப் பெரிதாகக் கட்டியிருந்தார். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மயில் வேன் பதிவுதான் இந்த வருடத்தில் அதிகம் பேர் பார்த்தது என்று திரையில் படமே காட்டினார்கள். 'விழிப்புணர்வில் நம்ம வடகோவை' என்று தலைப்பு. கைதட்டல் வேறு. திரை முழுக்க அந்த மயில். அதன்கீழ் நான் மறைத்த இடம் சாம்பல் நிறத்தில், ஓரம் பிசகாமல்.

'சிறந்த நெறியாளர்' கேடயம் எனக்கு. கண்ணாடியில் என் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். நிர்வாகக் குழு என்று போடாமல் ஒருவருடைய பெயரைப் போட்டது இதுதான் முதல் தடவை.

சாப்பாடு சுமார். பிரியாணியில் டால்டா வாடை. வந்ததிலிருந்து நெஞ்சைக் கரித்துக்கொண்டே இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

ராஜினாமா செய்துவிட்டேன். இனிமேலும் அந்தக் கும்பலோடு இருந்தால் எனக்கு மரியாதை இல்லை.

கடிதம் நன்றாக அமைந்தது. பொறுப்புணர்வு என்றால் என்ன, தன்னார்வம் என்பது கவனக்குறைவுக்கு உரிமம் ஆகாது, பெயர் போடாத முடிவு முடிவே அல்ல என்று மூன்று பத்தி. வேன் விஷயத்தைக் குறிப்பாக எதுவும் சொல்லவில்லை. கொள்கையைப் பேசும்போது தனிச் சம்பவங்களுக்குள் போகக்கூடாது.

"தங்கள் விருப்பம். பணிக்கு நன்றி. – நிர்வாகக் குழு" என்று பதில் வந்தது. நெறியாளர் பட்டியலிலிருந்து என் பெயரை அதற்குள் எடுத்துவிட்டார்கள். வேறு எந்த வேலையிலும் இந்த வேகத்தை நான் அவர்களிடம் பார்த்ததில்லை.

கோகிலா கடிதத்தைப் படித்துவிட்டு, "இதுல அந்த வேன்காரரு எங்கீங்க?" என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்

மூலப்படத்தை எண்ணோடு அப்படியே, 'இது தண்டபாணியின் வண்டி அல்ல' என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். இப்போது நான் சாதாரண உறுப்பினர். 'உங்கள் பதிவு நெறியாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது. அந்த வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? ஹேமலதா குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே படிக்காமல் ஒரு விரலால் தள்ளிவிடுவார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். நிராகரித்திருந்தார்கள். காரணமும் போட்டிருந்தார்கள்: 'விதி 7: வாகன எண் தெரியும் படங்களை எக்காரணம் கொண்டும் வெளியிட இயலாது. தனிமனிதரின் அந்தரங்கத்தை மதிப்பது நம் கடமை.'

வரிக்கு வரி என்னுடையது. 'எக்காரணம் கொண்டும்' என்பதை நான்தான் யோசித்துச் சேர்த்தேன். அழுத்தமாக இருக்கட்டும் என்று.

ஹேமலதாவுக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதினேன். என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்.

நவம்பர் 19, புதன்

படத்தைப் பெரிய அளவில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தண்டபாணி வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறையும் சமையலறையும். வேன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பூங்கொடி உள்ளே கூப்பிடாமல், யாரு என்ன என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். இரண்டு வாரமாக அந்த வாசலுக்கு வந்தவர்கள் எதற்கு வந்திருப்பார்கள் என்று தெரியும்தானே.

சொன்னதும் தண்டபாணி எழுந்து வந்தார். என்னைவிடச் சின்னவர், கழுத்தில் மாலை. தாளை வாங்கிக்கொண்டு வெளியே போய், தன் வண்டியின் பின்னால் குனிந்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஒப்பிட்டார். அவர் எண் அவருக்குத் தெரியாதா? இருந்தும் மூன்று முறை பார்த்தார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நம்ம நம்பர் இல்லீங்க சார். பூங்கொடி, நம்ம நம்பர் இல்லைடி."

"அதைத்தான அன்னிக்கிருந்து நானும் சொல்றேன்" என்றார் பூங்கொடி. அழவில்லை. என்னைப் பார்த்து, "ஸ்டேஷன்ல போய்ச் சொன்னோமுங்க. கேஸே இல்லாததுக்கு நாங்க என்னத்த விசாரிக்கறதுன்னுட்டாங்க. இந்தப் படம் எப்பங்க கெடைச்சுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

"இப்பத்தானுங்க. நேத்து."

அவர்களைக் குழப்ப வேண்டாம் என்று சுருக்கமாகச் சொன்னேன். நேற்று அனுப்பிப் பார்த்தேன் என்ற அளவில் அது பொய்யும் இல்லை.

காபி கொடுத்தார்கள். தண்டபாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கூட்டத்துல நீங்க ஒருத்தராச்சும் மனுசனா இருந்தீங்க சார்" என்றார். காபியில் ஆடை மிதந்தது. எனக்கு ஆடை ஒத்துக்கொள்ளாது. குடித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 20, வியாழன்

தண்டபாணி போன் செய்தார். தாளைக் காட்டியதில் இரண்டு வீட்டில் நம்பிவிட்டார்களாம், திங்களிலிருந்து பிள்ளைகளை அனுப்புகிறார்களாம். வேன் கண்ணாடியிலிருந்து விற்பனைத் தாளைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். நிம்மதி. வாஷிங் மெஷினும் ஓட ஆரம்பித்துவிட்டது.

நவம்பர் 22, சனி

எழுதவே கை கூசுகிறது.

கோகிலா தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். சந்தோஷத்தில் தண்டபாணி, நான் கொடுத்த தாளைப் படம் பிடித்து, நன்றி சொல்லிக் குழுவின் பெட்டிக்கு அனுப்பியிருக்கிறார். 'இடிச்ச வண்டி என்னுது இல்லீங்க, கீழ இருக்கற படத்துல நம்பரப் பாருங்க. உண்மையைக் கொண்டுவந்த நம்ம வடகோவை குழுவுக்கும் திருமூர்த்தி சாருக்கும் கோடி நன்றி.' குழுவைப் பாராட்டிய பதிவு இல்லையா, உடனே அவர் பெயரைப் போட்டு வெளியிட்டுவிட்டார்கள். 'தவறு எங்கிருந்தாலும் தட்டிக்கேட்கும் குழு நம் குழு' என்று ஜெயப்பிரகாஷ் கீழே ஒரு கும்பிடு போட்டிருக்கிறார். தவறு எங்கேயோ வெளியில் இருந்ததுபோல.

படத்தில் எண்ணை மறைத்திருக்கிறார்கள். விதி 7. ஹேமலதாவின் கைவேலை, பூசணிக்காய் சைஸில்.

மஞ்சள் வேன், மயில், எண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் திட்டு. அதன்கீழ் நம்பரைப் பாருங்கள் என்று தண்டபாணி கெஞ்சிக்கொண்டிருக்கிறார். கருத்துகளில் ஒரே சிரிப்பு. 'நம்பரை அவரே மறைச்சுட்டு நம்மளப் பார்க்கச் சொல்றாரு.' 'மாட்டிக்கிட்டதும் டிராமா.' 'குடிச்சுட்டுப் போட்ட பதிவு போல.' ஒருவர், 'திருமூர்த்திங்கிறது இவரோட சொந்தக்காரரா?' என்று கேட்டிருக்கிறார். சண்டை பெரிதானதும் ஹேமலதா கருத்துப் பகுதியை மூடிவிட்டார். இப்போது யாரும் எதுவும் சொல்ல முடியாது.

திரும்ப வருவதாகச் சொன்ன இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். மிச்சமிருந்த மூன்றில் இரண்டும் போய்விட்டன. போனில் தண்டபாணியின் குரல் எழும்பவே இல்லை.

"நான் என்னங்க சார் தப்பாப் போட்டேன்?"

அவர் எதுவும் தப்பாகப் போடவில்லை என்றேன்.

கோகிலா பக்கத்திலேயே நின்றாள். "மொதல்ல மறைச்சது யாருங்க?" என்றாள். அவளுக்குத் தெரியும். நான் மறைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"இது வேற ஆளுதுன்னு எப்பங்க தெரியும்?"

கேடயம் டிவி மேல் இருந்தது. எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதற்கு அவள், "அதை ஒளிச்சு என்னாகப்போகுது?" என்றாள்.

நவம்பர் 24, திங்கள்

கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளி வாசலுக்குப் போனேன். புதிதாக ஒரு பிரிண்ட், எண்ணோடு. பிள்ளைகளை இறக்கிவிட ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் வந்தபடி இருந்தன. எங்கே நிற்பது, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வாட்ச்மேன் இரண்டு தடவை என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் மயில் வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரே ஒரு குழந்தை இறங்கியது. தண்டபாணி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

முதலில் கிடைத்த அம்மாவிடம் தாளை நீட்டினேன். இரண்டாம் வகுப்பு அடையாள அட்டையோடு ஒரு பெண் குழந்தை அவர் முன்னால் நின்றிருந்தது. இடித்த வண்டி இதுதான், தண்டபாணி வண்டி அதோ நிற்கிறது, இரண்டு எண்ணும் வேறு என்று சொன்னேன். திரும்பி வேனைப் பார்த்தார். தாளையும் பார்த்தார்.

"இதை எப்படிங்க நம்பறது? நீங்க யாரு?"

"என் பேரு திருமூர்த்தி. பம்பு கம்பெனியில வேலை. அந்தக் குழுவுல நெறியாளரா இருந்தேன். இந்த நம்பரை மறைச்சுப் போட்டது நான்தானுங்க."

"தெரியாமத்தான மறைச்சீங்க?"

தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவரே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். தொண்டை வரைக்கும் அந்த 'ஆமா' வந்தது.

"மறைக்கும்போது தெரியாதுங்க. நாலே நாள்ல தெரிஞ்சுபோச்சு. எட்டாம் தேதி. இவரு வண்டி இல்லைன்னு தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். வேனின் கண்ணாடி இறங்கியிருந்தது. கும்பிட்ட கை அப்படியே ஸ்டியரிங்கில் இறங்குவதைப் பார்த்தேன்.

அந்த அம்மா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அழுக்குத் தண்ணீர் தெறித்துவிடும் என்று நகர்வதுபோல் ஒரு அடி தள்ளி நின்றார். "ச்சை, நீங்கல்லாம் மனுசங்களாய்யா?" என்றார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் ஜெயப்பிரகாஷையும் ஹேமலதாவையும் நினைக்கும்போதெல்லாம் நான் வைத்துக்கொண்ட முகம்.

ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

தண்டபாணி வண்டியை எடுத்தார். என்னைத் தாண்டும்போது திரும்பவில்லை. பாதித் தோகை மயிலும் அதன்கீழ் அவருடைய எண்ணும் வளைவில் மறையும்வரை தெரிந்தன.

பையில் இன்னும் நிறைய பிரிண்ட் இருந்தது. அடுத்த ஸ்கூட்டர் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, என் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.